ஹெலன் கெல்லர் விட்டுச்சென்ற காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையிலேயே பார்வையும் கேட்கும் திறனும் இழந்த அமெரிக்கர் ஹெலன் கெல்லர் என்றால் பலருக்கும் குழாயடிச் சிறுமிதான் ஞாபகம் வரும். ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் டீச்சர் ஆன் சல்லிவன் விரலால் எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டிய காட்சி. சரி, அப்புறம் அந்தச் சிறுமி என்ன ஆனார்? பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டார், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பக்கம் நின்றார், பார்வையற்றோரின் படிப்புக்கும் வேலைக்கும் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தார், 1933இல் ஜெர்மன் மாணவர்கள் புத்தகங்களை எரிக்கக் கிளம்பியபோது அவர்களுக்கே கண்டனக் கடிதம் எழுதினார். இந்த முழு மனுஷியைக் காட்டுபவை அவர் விட்டுச்சென்ற காகிதங்கள்.

1887 ஜூனில், ஏழு வயது நிரம்புவதற்குச் சில நாள் முன்னால், உறவுக்காரப் பெண்ணுக்குப் பென்சிலால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஜார்ஜ் ஹெலனுக்கு ஆப்பிள் தருவான், டாக்டர் மில்ட்ரெடுக்கு மருந்து தருவார், அம்மா மில்ட்ரெடுக்குப் புது கவுன் தைப்பாள், அவ்வளவுதான் விஷயம். மில்ட்ரெட் அவருடைய தங்கை. டீச்சர் வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது! குழந்தைக் கிறுக்கல் என்று தூக்கிப் போடாமல் யாரோ எடுத்து வைத்ததால்தான் 1903இல் அவருடைய சுயசரிதையோடு அது அச்சேறியது.

எல்லாமே இப்படித் தப்பவில்லை. 1946இல் அவர் ஐரோப்பாவில் இருந்தபோது கனெக்டிகட்டில் இருந்த வீடு தீப்பிடித்து, டீச்சரைப் பற்றி அவர் எழுதிவந்த புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியும் சாம்பலானது. வேறு பிரதி இல்லாததால் மறுபடி முதலிலிருந்து எழுதி 1955இல் வெளியிட்டார். 2001 செப்டம்பர் 11 அன்று, அவரும் சேர்ந்து தொடங்கிய தொண்டு நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகம் எரிந்ததில், அங்கிருந்த அவரது பொருட்களில் மிஞ்சியவை இரண்டு புத்தகங்களும் ஒரு மார்பளவுச் சிலையும்தான். நல்லவேளையாக, தம் காகிதங்களில் பெரும்பகுதியை அவர் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். அவை வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தன.

அந்தக் காகிதங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாக இன்று இணையத்தில் இருக்கின்றன. வெறும் படமாகப் போட்டுவிட்டிருந்தால் பார்வையற்றவர்களுக்கு அதனால் என்ன பயன்? கடிதங்களைத் தட்டச்சு செய்து, புகைப்படங்களுக்கு விவரணை எழுதி, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பான் படித்துச் சொல்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். இந்தச் சேகரிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

உங்கள் வீட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடிய ஒருவர் இருந்திருக்கலாம். அவருடைய மனுக்களை, முக்கியமாக மறுத்து வந்த பதில்களை, தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் தாள்கள் இருந்தால் மேலே பாரம் ஏற்றாதீர்கள், புள்ளிகள் அமுங்கிவிடும். போட்டோக்களில் இருப்பது யார் யார் என்று, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுதிவிடுங்கள்.