வண்டியைத் தூக்கினதும் சீட்டுக்கு அடியில நடுக்கம்: அஞ்செட்டித் தம்பியோட கேள்விக்கு விளக்கம்

வணக்கம்ங்க. இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான். அஞ்செட்டிப் பக்கம் இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, தோப்புக்குப் போற மண் ரோட்டுல அடி இடிக்குதுன்னு பிக்கப்புக்குப் பின்னாடி பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல 2 இஞ்ச் பிளாக் வச்சுத் தூக்கிட்டேன். அதுல இருந்து 60 தாண்டினா சீட்டுக்கு அடியில கிர்ர்ருன்னு நடுக்கம். வீல் பாலன்ஸ் ரெண்டு தடவை பண்ணியாச்சு. ஜாயின்ட் கிராஸ் மூணும் புதுசு. இப்ப சென்டர் பேரிங்கை மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா? லோடு ஏத்தினா மட்டும் நடுக்கம் பாதியா குறைஞ்சிடுது."

புதுசா பார்க்கறவங்களுக்கு ஒரு வரி: பட்டைன்னா பின்பக்க லீஃப் ஸ்பிரிங், ஹவுசிங்னா பின் வீல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஆக்சில் கூடு. கியர்பாக்ஸ்ல இருந்து அந்த ஹவுசிங்குக்குச் சுத்தைக் கொண்டுபோற நீள பைப்புதான் ஷாஃப்ட், இந்த வண்டியில முன், பின்னு ரெண்டு துண்டு. அது மடங்கற மூட்டுதான் ஜாயின்ட் கிராஸ், ரெண்டு துண்டும் சேர்ற இடத்தைத் தாங்கறது சென்டர் பேரிங். தம்பி, பதிலை நீங்களே கடைசி வரியில எழுதிட்டீங்க. சென்டர் பேரிங் போயிருந்தா லோடு ஏத்தினாலும் அது போனதுதான். லோடு ஏத்தினா என்ன மாறுது? பட்டை அமுங்குது, பாடி கீழ இறங்குது, நீங்க தூக்கின 2 இஞ்ச் திரும்பிப் போவுது. அப்ப நடுக்கம் குறையுதுன்னா, கோளாறு உயரத்துல இருக்கு, பொருள்ல இல்லை. பேரிங் காசை அப்படியே வச்சிருங்க.

முதல்ல வீலா ஷாஃப்ட்டான்னு பிரிச்சுக்கலாம். பிக்கப் டயர் ஒரு சுத்து சுத்தினா சுமாரா 2.2 மீட்டர் ஓடும். 80ல போறப்ப செகண்டுக்கு 10 சுத்து. அந்த நேரத்துல ஷாஃப்ட் ஏறக்குறைய 40 சுத்து சுத்துது, ஹவுசிங்குக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரம் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்னுன்னு இருக்கறதால. அதனால வீல் கோளாறுன்னா தொப் தொப்னு ஆட்டம், ஸ்டேரிங்ல கை ஆடும். ஷாஃப்ட் கோளாறுன்னா கிர்ர்ருதான், சீட்டுலயும் கியர் ராடுலயும் வரும். நீங்க எழுதினதே கிர்ர்ருன்னுதானே? ரெண்டாவது தடவை பாலன்ஸ் பண்ணினது வெட்டிச் செலவு. இன்னும் சந்தேகம்னா, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ரோட்டுல சமமான இடமா பார்த்து, பின்னாடி வண்டி வராதப்ப, அந்த வேகத்துல ஒரு நிமிஷம் நியூட்ரல் போட்டுப் பாருங்க. இன்ஜின் சத்தம் அடங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தா இன்ஜின், கிளட்ச் மேல பழி போட வேண்டாம். தொப்பூர் இறக்கத்துல போய் இதைச் செஞ்சு பார்க்காதீங்க, சொல்லிட்டேன்.

இப்ப இங்க பாருங்க, பழைய ஷாஃப்ட் ஒன்னு கையில வச்சிருக்கேன். நேரா பிடிச்சுச் சுத்தினா அந்த முனையும் இதே மாதிரி சுத்துது. இப்படி மடக்கிப் பிடிச்சுச் சுத்தறேன். தெரியுதா? இந்தப் பக்கம் ஒரே வேகம், அந்தப் பக்கம் ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை முந்துது, ரெண்டு தடவை பிந்துது. கிராஸோட பிறவிக் குணம் அது, புதுசு போட்டாலும் போவாது. அதனாலதான் கம்பெனியில கடைசி ரெண்டு கிராஸையும் ஒரே கோணத்துல வச்சு, ஒன்னு முந்தினதை இன்னொன்னு இழுத்துப் பிடிக்கிற மாதிரி அமைக்கிறாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள இருக்கணும். ஒவ்வொன்னும் 3 டிகிரிக்குள்ள இருந்தா ஹைவேக்கு நல்லது.

பிளாக் வச்சா வித்தியாசம் மாறாது, பிளாக் ரெண்டு பக்கமும் ஒரே தடிப்பு. அதைப் பார்த்துட்டுத்தான் நிறைய பேரு "ரெண்டும் சமமாத்தான் இருக்கு அண்ணா"ன்னு வந்து நிக்கிறாங்க. சமமா இருந்தாலும் ரெண்டும் கூடிப்போச்சே! 1.2 மீட்டர் நீள ஷாஃப்ட்டோட ஒரு முனையை 50 மில்லிமீட்டர், அதாவது 2 இஞ்ச், இறக்கினா 2.4 டிகிரி ஏறிடும். பினியனுக்குப் போற வேகம் வேணா சீராவும். ஆனா நடுவுல இருக்கிற அந்தக் கனமான பைப்பு 80ல போறப்ப செகண்டுக்கு 80 தடவை முந்தி முந்தி நிக்குது. உங்க சீட்டுக்கு வர்றது அந்த உதைதான்.

நம்ம பக்கம் மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு ஓட்டறவங்க எக்ஸ்ட்ரா பட்டை ஒன்னு சேர்த்துக் கட்டுவாங்க. சீசன்ல ஒரு புகாரும் வராது. சீசன் முடிஞ்சு வண்டி காலியா ஓட ஆரம்பிச்சதும் இதே கிர்ர்ரு. பட்டையைக் கழட்டுங்கன்னு சொன்னா யாரும் கேக்கறது இல்லை, அடுத்த வருஷம் வேணும்னு சொல்லுவாங்க.

சரி, அளக்கறது எப்படி? ஃபோன்ல மட்டம் பார்க்கிற ஆப் இருக்கு, அது போதும். வண்டியைச் சமமான தரையில நிறுத்துங்க. ஜாக்கி போட்டு வீலைத் தொங்கவிட்டு அளக்காதீங்க, ஹவுசிங் தொங்கினா எல்லா நம்பரும் பொய். நாலு இடம் அளக்கணும்: கியர்பாக்ஸ் ஃப்ளான்ஜ் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு மாட்டற தட்டு), முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் ஃப்ளான்ஜ். பக்கத்துப் பக்கத்து நம்பரைக் கழிச்சா வர்றதுதான் கிராஸோட கோணம்.

ஒரு உதாரணம் போடறேன். எல்லாம் பின்பக்கம் சரியற கோணம். கியர்பாக்ஸ் 3, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 8, பினியன் 3. கழிச்சா முதல் கிராஸ் 0.5, ரெண்டாவது 4.5, மூணாவது 5. ரெண்டும் மூணும் எல்லை தாண்டி நிக்குது. இப்ப சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கு மேல 15 மில்லிமீட்டர் பேக்கிங், அதாவது இடைத்தகடு, வச்சு இறக்கறோம். முன் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 4.5 ஆவும், பின் ஷாஃப்ட் 7.3க்கு வரும். அதோட ஹவுசிங் மேல 2 டிகிரி ஆப்பு வச்சுப் பினியன் மூக்கை (ஹவுசிங்ல ஷாஃப்ட் வந்து சேர்ற முன் முனை) தூக்கினா பினியன் 5. திரும்பக் கழிங்க: 1.5, 2.8, 2.3. மூணும் 3க்குள்ள வந்தாச்சு, கடைசி ரெண்டுக்கும் வித்தியாசம் அரை டிகிரி. பேக்கிங்கை மட்டும் கூட்டிக்கிட்டே போனா முதல் கிராஸ் கெடும், கிளம்பறப்ப ஒரு உதறல் வரும். ஆப்பை மட்டும் வச்சா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒத்துப்போவாது. அதனாலதான் ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம்.

ஆப்பு எந்தப் பக்கம் தடிப்புன்னு நிறைய பட்டறையில மாத்தி வைக்கிறாங்க. பட்டை ஹவுசிங்குக்கு மேல இருக்கிற வண்டியில மூக்கைத் தூக்கணும்னா தடிச்ச பக்கம் பின்னாடி வரணும். லேத்துல கடைஞ்ச இரும்பு ஆப்புதான் வேணும், அலுமினியம் வேண்டாம், லோடு வண்டியில நசுங்கிடும். பட்டையோட சென்டர் போல்ட் தலை உட்கார ஆப்புல ஓட்டை கேளுங்க.

கிராஸ் புதுசு போட்டாங்கன்னு சொன்னீங்களே, ஷாஃப்ட்டைக் கழட்டறப்ப சுண்ணாம்புக் கட்டியிலயாவது ஒரு கோடு போட்டாங்களா? ஷாஃப்ட் நீளம் கூடிக் குறையற பல்லு வெட்டின இடம்தான் ஸ்ப்ளைன், அதுல ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டா ரெண்டு முனை கவையும் (கிராஸ் உட்கார்ற கவட்டை) ஒரே நேர்ல இருக்காது. அப்ப ஒன்னு முந்தினதை இன்னொன்னு பிடிக்காது, ரெண்டும் சேர்ந்து உதைக்கும். நானே ஆரம்பத்துல ராயக்கோட்டைத் தக்காளி வண்டி ஒன்னுக்கு அப்படி மாட்டிவிட்டு, நாலு நாள் தேடினேன். கடைசியில ஒரு பல்லு. கவை ரெண்டும் ஒரே நேர்ல இருக்கான்னு கண்ணாலயே பார்த்திருங்க, கோணம் அளக்கறதுக்கு முன்னாடி. அந்த ஸ்ப்ளைன் எவ்வளவு வெளிய வந்திருக்குன்னும் பாருங்க. வண்டி உயர்ந்தா ஷாஃப்ட் நீளம் கொஞ்சம் கூடும். ரொம்ப வெளிய வந்திருந்தா பிடிமானம் குறைவு.

இன்னொன்னு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சில பிக்கப்புல ஹவுசிங்ல இருந்து ஃப்ரேமுக்கு ஒரு சின்ன ராடு போவும், லோடு எவ்வளவுன்னு பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வுக்கு. நீங்க தூக்கினதும் அந்த வால்வு வண்டி காலின்னு நினைச்சுக்கும். லோடோட இறங்கறப்ப பின் பிரேக் குறைவாத்தான் பிடிக்கும். நடுக்கத்தை விட இதுதான் எனக்கு பயம். ராடு நீளத்தைச் சரி பண்ணிக்கோங்க, பிரேக் ஹோஸ் இழுத்துக்கிட்டு நிக்குதான்னும் பாருங்க.

என்னைக் கேட்டா 2 இஞ்ச் பிளாக்கை எடுத்துட்டு 1 இஞ்ச் வைங்க. பாதி நடுக்கம் அதுலயே போயிடும், ஆப்புகூட தேவைப்படாம இருக்கலாம். ஹவுசிங்குக்கு அடியில இருக்கிற இடைவெளி பிளாக்கால ஒரு நூல் அளவுகூட ஏறாது தம்பி, அதுக்குப் பெரிய டயர்தான். பாடியும் சேஸியும்தான் உயருது. கல்லுல இடிக்கிறது எதுன்னு முதல்ல குனிஞ்சு பாருங்க. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போற வண்டி வேற, கம்பெனி அமைப்பை மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு. செய்யறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

வேலை முடிஞ்சதும் பட்டையையும் ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டை லோடு ஏத்தி வண்டி தரையில நிக்கிறப்ப முறுக்குங்க. 200 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை. ஆப்பு புதுசா உட்காரும்போது கண்டிப்பா தளரும். அளந்த நாலு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க, எவ்வளவு பேக்கிங்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.