முதலில் தண்ணீர், இப்போது வயல்: சென்னை எல்லைச் சாலை

(காட்சி: மீஞ்சூரைத் தாண்டி, நாற்று நட்ட வயல்.)

வணக்கம். எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி, தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை ஏறக்குறைய 133 கிலோமீட்டர். இதுதான் சென்னை எல்லைச் சாலை. துறைமுக லாரிகள் ஊருக்குள் வராமல் போகத்தான் இந்தத் திட்டம். எண்ணூரில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்று வெந்தவர்களுக்கு அதன் தேவை தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த லாரிகள் யாருடைய வயல் மேல் போகப்போகின்றன?

(காட்சி: பாழடைந்த கிணறு.)

இந்தப் பக்கத்து மண்ணிடம் சென்னை கை நீட்டுவது முதல் முறை இல்லை. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் தண்ணீர் எடுத்தார்கள். நிலத்தடியில் நன்னீர் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் கடல்நீர் உள்ளே வராது. மழை ஊறுவதைவிட அதிகமாக இறைத்ததால் அந்த அழுத்தம் குறைந்து, கடல்நீர் நிலத்துக்கு அடியிலேயே ஊருக்குள் வந்துவிட்டது. மீஞ்சூர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. அதற்குப் பிறகும் பயிர் வைத்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் இப்போது நிலத்தைக் கேட்கிறார்கள்.

(காட்சி: நில எடுப்பு நோட்டீஸ்.)

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டப்படி, நிலத்தை எடுப்பதற்கு முன் யார் பிழைப்பு போகும் என்று ஊரிலேயே விசாரித்து, சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தை, வேறு வழி இல்லாதபோதுதான் தொடலாம்.

ஆனால் சாலைக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் தனியாக 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் இருக்கிறது. 2013 சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு அரசு சேர்த்து, இந்த நெடுஞ்சாலைகள் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் நெடுஞ்சாலைகள் சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கப் புதுச் சட்டம் போட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்றது. அதனால் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படி, ஆனால் முன்கூட்டியே ஊரில் நடக்க வேண்டிய விசாரணை கிடையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம் குத்தகைக்காரர்கள். மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களும் கூலியாட்களும் 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் வாய்ப்பேச்சில் விட்ட குத்தகைக்குக் காகிதம் ஏது? பட்டாவில் அவர்கள் பெயர் இருக்காது.

நோட்டீஸ் வந்த வீடுகளுக்கு: சர்வே எண்ணைச் சரிபாருங்கள். அதில் சொன்ன தேதிக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உங்கள் நிலத்தை உழுகிறவரின் பெயரையும் அந்த மனுவில் எழுதுங்கள்.