சுஹைலியும் தாரிணியும்: கொடைக்கானலில் ஆற்றிய உரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, இந்தக் குளிரிலும் மலைக்கிராமத்திலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய பங்குத்தந்தை அவர்களே, படகுத்துறையில் துடுப்புப் பிடிக்கும் என் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியர் அம்மா அவர்கள் சென்ற ஆண்டு தம் மாணவர்களை எங்கள் பட்டறைக்கு அழைத்து வந்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இழைப்புளியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னவர். அவருக்கு இந்த மேடையில் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு கடற்படகைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் எண்ணலாம். 1863-இல் லெவிஞ்ச் துரை கரை கட்டி நம் ஏரியை உருவாக்கியபோது, இங்கே மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது. வண்டிச்சாலை இல்லாத அந்தக் காலத்திலேயே கடலுக்கும் நமக்கும் உறவு உண்டாகிவிட்டது. இன்று நம் நாட்டுத் தச்சர்களின் கையில் உருவான இரண்டு பாய்மரப் படகுகளை, அவற்றின் உடல், பாய் என்ற இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பேச விரும்புகிறேன்.

முதலாவது சுஹைலி. 1964-இல் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டி நீரில் இறக்கிய, 32 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட படகு. ஆங்கிலேய மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து இதில் தனியாகப் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22-ஆம் நாள் அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் அந்தப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. இரண்டாவது தாரிணி. 2017-இல் கடற்படையில் சேர்ந்த, கோவாவில் கட்டிய 56 அடிப் படகு. பெண் அதிகாரிகள் அறுவர் அதில் உலகைச் சுற்றி வந்தனர்; பின்னர் 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் திரும்பிய இருவரில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த நம் ரூபா அழகிரிசாமி.

உடலைப் பார்ப்போம். சுஹைலியின் ஏரா, அதாவது படகின் அடிமரம், முன்னிருந்து பின்வரை நீண்டு ஓடுவது. திசை மாறாமல் நேரே செல்லும், ஆனால் திரும்புவதற்கு நேரம் எடுக்கும். இக்காலப் பயணப் படகுகள் பெரும்பாலானவற்றில் ஏரா மீனின் துடுப்பைப் போலக் குறுகி ஆழமாக இறங்கியிருப்பதால், அவை சட்டென்று திரும்பும், காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். வேகத்துக்கோ நீளமே முதல் காரணம். படகு தானே எழுப்பும் அலையின் மேல் ஏறிச் செல்ல முடியாமல் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது; நீர்மட்டத்தில் படகு நீளமாக இருந்தால் அந்த அலையும் நீளும், வேகமும் கூடும். தாரிணியின் மூத்த உடன்பிறப்பான மாதே என்ற படகில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2012-13-இல் நிற்காமல் உலகைச் சுற்றியபோது சுமார் 150 நாளே ஆயிற்று.

ஆனால் நாள் கணக்கை மட்டும் வைத்துப் படகை எடைபோட என் மனம் ஒப்பவில்லை. பயணத்தின் தொடக்க வாரங்களிலேயே, அட்லாண்டிக் பெருங்கடலில், சுஹைலியின் அடியில் ஏராவை ஒட்டிய இணைப்பு விட்டு நீர் உள்ளே வரத் தொடங்கியது. கரை இல்லை, துணை இல்லை. தன் கையே தனக்கு உதவி. வெளிறிய உடம்பு சுறாவின் கண்ணில் படக்கூடாது என்று நீலச் சட்டையும் கால்சட்டையும் அணிந்து நாக்ஸ்-ஜான்ஸ்டன் நீரில் குதித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பலகைச் சந்தில் பஞ்சைத் திணித்துச் சுத்தியால் தட்டினார். மூச்சு வாங்க மேலே வந்து திரும்புவதற்குள் பஞ்சு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. மீண்டும் முயன்றார், மீண்டும் பிதுங்கியது. பிறகு மேல்தட்டில் உட்கார்ந்து, நீண்ட கித்தான் பட்டையில் பஞ்சை வைத்துத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளைக் குத்தித் தயாராக வைத்துக்கொண்டு இறங்கினார். இந்த முறை பட்டை பிடித்தது. நடுவில் இளைப்பாற மேலே ஏறியபோது சுறா ஒன்று படகைச் சுற்றி வந்தது. அதைத் துப்பாக்கியால் சுட்டு, வேறு சுறா வருகிறதா என்று காத்திருந்து பார்த்து, மீண்டும் அதே நீரில் இறங்கி வேலையை முடித்தார். எதிர்ப்பக்க இணைப்பையும் அப்படியே அடைத்தார். தம்பிமார்களே, இதற்கு நம் பக்கத்துப் பெயர் கலப்பத்து.

என் தகப்பனார் இந்த ஏரிப் படகுகளுக்குக் கலப்பத்துப் பார்த்தவர். எண்ணெயில் கரைத்த குங்கிலியத்தில் பஞ்சுத் திரியைத் தோய்த்து, மழுங்கிய உளியால் சந்துக்குள் இறக்குவார். சத்தம் ‘தொப்’ என்று கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்றும், ‘டண்’ என்று கேட்டால் போதும் என்றும் எனக்குச் சொல்லித் தந்தார். இன்று படகுத்துறையில் கண்ணாடி இழைப் படகு விரிசல் விட்டால், மலைக்குக் கீழே தூக்கி அனுப்புகிறோம், அல்லது கரையோரம் கவிழ்த்துப் போட்டுவிடுகிறோம். அது மக்குவதும் இல்லை, அடுப்பெரிக்கவும் ஆகாது.

கண்ணாடி இழையை நான் பழிக்கவில்லை. தாரிணியின் உடலே நடுவில் மரமும் இருபுறம் கண்ணாடி இழையுமாகச் சேர்ந்ததுதான். 53 ஆண்டு இடைவெளியில் கட்டிய இரு படகுகளுக்கும் மரம் அறிந்த கை தேவைப்பட்டது. சுஹைலியின் ஆணிகள் துருப்பிடித்தபோது, முதுமையிலும் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தாமே முன்னின்று அதைச் சீர்செய்து மீண்டும் நீரில் இறக்கினார். தன் கையே தனக்கு உதவி. நம் ஏரியில் அந்தக் கைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

பாயைப் பற்றி ஒன்று: சுஹைலியின் இரண்டு மரங்களில் பாய் பல துண்டுகளாகப் பிரிந்திருந்ததால் ஒரு மனிதரின் கையால் இழுக்க முடிந்தது, தாரிணியின் ஒற்றை மரத்துப் பெரும்பாய்க்குக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழல்பொறி வேண்டும்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். ஏரிக்கரையில் ஒரு படகுப் பட்டறைக் கொட்டகைக்கு இடம் ஒதுக்கித் தாருங்கள். மரப் படகுகளைச் செப்பனிடவும், கண்ணாடி இழைப் படகுகளின் விரிசலை இங்கேயே ஒட்டவும், ஆண்டுக்குப் பத்து இளைஞர்களுக்காவது நான் ஊதியமின்றிக் கற்றுத்தருகிறேன். வாசல் மேசையில் மனுவின் படி இருக்கிறது. அதன் மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருப்பது என் தகப்பனாரின் கலப்பத்து உளி. கையெழுத்திடுபவர்கள் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். வணக்கம்.