"நான் பிழைக்க மாட்டேனோ" என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் ஐந்தாறு கேள்விகள் வந்திருந்தன. ஒன்றைப் படித்த பிறகு மற்றதையெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அனுப்பிய தம்பி பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன்.

"ஐயா, அப்பாவுக்கு வயது 64. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி சிகிச்சை பலன் தராது, வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெபக்குழுவிலிருந்து தினமும் வருகிறார்கள். 'சுகமாகிவிட்டேன் என்று வாயால் அறிக்கை செய்யுங்கள், மரணம் என்ற வார்த்தையே இந்த வீட்டில் வரக்கூடாது, அந்த மாத்திரை அவிசுவாசம்' என்கிறார்கள். நேற்று ராத்திரி அப்பா என்னிடம், 'ஏலே, நான் பிழைக்க மாட்டேனோ?' என்று கேட்டார். சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. சித்தப்பாவை வரவழைத்தால் வழியனுப்பக் கூப்பிட்டதுபோல ஆகிவிடும் என்று அம்மா பயப்படுகிறார்கள். நான் 'ஒண்ணும் இல்லப்பா, தூங்குங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

தம்பி, நீங்கள் வெளியே வந்து அழுததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் அழுகையையும் யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மரணத்தைப் பற்றிப் பேசினால் அவிசுவாசமா? வேதத்தில் விசுவாச அதிகாரம் எது என்று ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும், எபிரெயர் 11. அதில் யோசேப்பைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது, 22ஆம் வசனம். யோசேப்பின் விசுவாசத்துக்கு ஓர் உதாரணம் சொல் என்றால் நீங்களும் நானும் எதைச் சொல்வோம்? சொப்பனங்களைச் சொல்வோம். போத்திபாரின் மனைவியிடமிருந்து ஓடியதைச் சொல்வோம். சிறைச்சாலை, பஞ்சம், தானியக் களஞ்சியம், அண்ணன்மாரை மன்னித்தது. எபிரெயரை எழுதியவர் இது எதையும் எடுக்கவில்லை. சாகப்போகிற நேரத்தில் "தன் எலும்புகளைக்குறித்துக் கட்டளைகொடுத்தான்" என்கிறார், அதோடு முடித்துவிடுகிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 110 வயது மனிதர். நான் மரிக்கப் போகிறேன், தேவன் உங்களைச் சந்திப்பார், அப்போது என் எலும்புகளை இங்கே விட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறார். தன் சாவைப் பற்றித்தான் பேச்சு. அடக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. நம் ஜெபக்குழு அண்ணன் அங்கே இருந்திருந்தால், "ஐயையோ, அப்படியெல்லாம் வாயால் சொல்லாதீர்கள்" என்று தடுத்திருப்பார். வேதமோ அந்தப் பேச்சையே விசுவாசம் என்று எழுதி வைத்திருக்கிறது. அவரை எகிப்தில் ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். ஆதியாகமம் அந்தப் பெட்டியோடுதான் முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அடிமைகளாகச் செங்கல் அறுத்த ஜனங்களுக்கு நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. "நாம் இங்கேயே கிடக்கப் போவதில்லை" என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தது ஒரு செத்த மனிதனின் எலும்பு. கடைசியில் மோசே அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆக, உங்கள் அப்பா "நான் பிழைக்க மாட்டேனோ" என்று கேட்டாரே, தன் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றாரே, அவர் விசுவாசத்தை விட்டு விழவில்லை. யோசேப்பும் அவர் தகப்பன் யாக்கோபும் தங்கள் சாவைப் பற்றிப் பேசி நின்ற இடத்தில் வந்து நிற்கிறார். அவரோடு போய் நிற்க அங்கே ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை.

"இது நடக்காது, நடக்கவே நடக்காது" என்று மரணத்தை மறுத்து அறிக்கை செய்த ஓர் ஆள் சுவிசேஷத்தில் இருக்கிறார், தெரியுமா? பேதுரு. இயேசு தாம் பாடுபட்டுக் கொலை செய்யப்படப் போவதைச் சொன்னபோது அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், "ஆண்டவரே, இது உமக்கு நேரிடக்கூடாதே, இது உமக்குச் சம்பவிப்பதில்லை" என்று கடிந்துகொண்டார். பாசத்தில்தான் சொன்னார். "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்று இயேசு பதில் சொன்னார், நான் அதை ஜெபக்குழுவினரைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். அவர்களும் பாசத்தில்தான் வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் தினமும் ஒரு நோயாளி வீட்டுக்கு வருகிறவர்களை நான் குறைசொல்ல முடியாது. அவர்கள் சொல்லிக் கொடுப்பதுதான் தவறு.

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஜெபியுங்கள். மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசியும் ஜெபியுங்கள், யாக்கோபு நிருபம் அப்படித்தான் சொல்கிறது. எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா வந்து, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்க மாட்டீர் என்று நேராகவே சொன்னார். எசேக்கியா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். 15 வருஷம் கூடக் கிடைத்தது. உண்மையைச் சொன்னதால் ஜெபம் கெட்டுப்போகவில்லை. உண்மை தெரிந்ததால்தான் அந்த ஜெபமே வந்தது. அப்புறம், அந்த 15 வருஷம் முடிந்ததும் எசேக்கியாவும் மரித்தார். இயேசு எழுப்பின லாசருவும் பிற்பாடு மரித்துத்தான் இருப்பான். சுகம் கிடைத்தால் அது நாள் கூட்டிக் கொடுப்பது. உயிர்த்தெழுதலோ வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நம் சபைகளில் சுகம் கிடைக்காதபோது எல்லாமே போய்விட்டதுபோல ஆகிவிடுகிறது.

சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையறைதான். அவருக்காக ஜெபிக்க ஆளா இல்லை? அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்த அறையிலிருந்துதான் நோயாளிகளுக்காக எழுதினார், அதுவும் நோயாளி நோயாளிக்கு எழுதுவதுபோல. திடகாத்திரமாக இருப்பவர்கள் எழுதுகிற ஆறுதல் படுத்துக்கிடப்பவருக்கு ஒட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருக்கிறதா?

மாத்திரை விஷயம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ஃபினை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் கொடுக்கிற மாத்திரை இல்லை அது. வலி திரும்பி வருவதற்கு முன்பே மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இந்த முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, பிறகு மருத்துவம் படித்து டாக்டரானவர். ஆழமான கிறிஸ்தவ விசுவாசி. கைவிட்ட கேஸ் என்று மூலையில் கிடந்தவர்களுக்காக 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்று ஓர் இல்லத்தைத் திறந்தார். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, தேவனைப் பற்றிய கேள்வி, நான்கும் சேர்ந்ததுதான் மரிக்கிறவரின் வலி என்று சொன்னவர் அவர். 2005இல் அதே இல்லத்தில் புற்றுநோயால்தான் மரித்தார். விசுவாசத்தினால் பிறந்த ஒரு மருத்துவத்தை நாம் அவிசுவாசம் என்று சொன்னால் எப்படி? சிலுவையில் அறையப்படும் முன்பு இயேசு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை வாங்கவில்லையே என்று ஒருவர் என்னிடமே வாதாடியிருக்கிறார். அவர் நமக்காகப் பாடுபட வந்தவர். உங்கள் அப்பா யாருக்காகவும் பரிகாரம் செய்ய வேண்டியதில்லை, அது செய்து முடிக்கப்பட்டுவிட்டது. இன்னொன்று, இந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். ஜெபக்குழுவில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் கதை ஒன்று. ஊழியத்துக்கு வந்த புதிதில், எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் கடைசி நிலையில் இருந்தார். நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும், "ஐயா, கல்லறைத் தோட்டத்திலே எங்க அம்மா பக்கத்திலே இடம் இருக்கா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியெல்லாம் பேசாதீங்க, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீங்கதான் முதல் வரிசையிலே உட்காருவீங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சத்தமாக ஒரு ஜெபம் செய்துவிட்டு, பெரிய ஊழியம் செய்ததுபோலக் கிளம்பி வந்தேன். மூன்றாம் நாள் மரித்துப்போனார். அவர் எனக்காகத்தான் தலையாட்டினார் என்பது அடக்க ஆராதனையில் நிற்கும்போதுதான் உறைத்தது. போதகருக்குப் பயமாக இருக்கிறது, பாவம், விட்டுவிடுவோம் என்று, சாகப்போகிறவர் என்னைத் தேற்றி அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் "ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னபோது உங்கள் அப்பாவும் ஒருவேளை அதைத்தான் செய்திருப்பார். அதற்காக நொந்துகொள்ள வேண்டாம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எனக்கு அன்று அது இல்லாமல் போயிற்று.

மறுபடி அவர் கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். "உங்களுக்கு எப்படித் தோணுதுப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். இது கஷ்டம், வாய் துடிக்கும். ஆனால் அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பது அப்போதுதான் வெளியே வரும். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலர் பாதியில் போதும் என்பார்கள். போதும் என்றால் விட்டுவிடுங்கள். அவர் நேராகக் கேட்டால், "டாக்டர் மருந்தாலே இதைக் குணமாக்க முடியாதுன்னு சொல்றாங்கப்பா. வலி இல்லாம பாத்துக்கறோம். உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டோம்" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள். வேதம் வாசிக்க வேண்டும் என்றால் 23ஆம் சங்கீதமே போதும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார். அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தவுடன் பேச்சு மாறிவிடுகிறது, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்". பள்ளத்தாக்கில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது, அவரோடுதான் பேச வேண்டியிருக்கும். அந்த வசனத்தை மெதுவாக வாசியுங்கள், அப்பாவும் கூடச் சொல்வார்.

அம்மாவிடமும் பேசுங்கள். "பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்களாயிருக்கிறோம்" என்று ரோமர் 14:8 சொல்வதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மரணம் நல்லது என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், வேதமே அதைக் கடைசிச் சத்துரு என்றுதான் சொல்கிறது. அம்மாவுக்கு அது சத்துருதான், நாற்பது வருஷத் துணையைப் பிரிக்க வருகிறது. சத்துருவைச் சத்துரு என்று சொல்லிக்கொண்டே, அவன் தோற்றுப்போனவன் என்றும் சொல்ல முடிகிறது நமக்கு. கல்லறையைத் திறந்து வெளியே வந்த ஒருவர் இருப்பதால் சொல்கிறோம், வேறு தைரியம் நமக்கு ஏது?

சித்தப்பா வந்தால் வழியனுப்பக் கூப்பிட்டதுபோல ஆகி, விசுவாசம் உடைந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார்கள் போல. தேவனுடைய பிள்ளைகள் இரண்டு பேர் ஒன்பது வருஷம் கழித்து ஒப்புரவாவது எந்த விசுவாசத்தை உடைக்கும்? அப்பா நாளைக்கே சுகமாகி எழுந்து நடந்தாலும் அவருக்கு அந்தத் தம்பி வேண்டும். எதற்காகச் சண்டை வந்தது, யார் முதலில் பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இப்போது எடுக்க வேண்டாம், நிலம் என்றால் பத்திரத்தையும் எடுக்க வேண்டாம். இதைக் கேட்டு முடித்ததும் சித்தப்பாவுக்குப் போன் போடுங்கள். "அப்பா உங்களைத் தேடுறாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்து வலி அடங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், அப்போது இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேச முடியும். அவர் வந்ததும் ஜெபக்குழுவினர் உள்ளே இருந்தால், அவர்களைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுங்கள்.