சுண்டைக்காய் கால் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் அந்த மைதானத்தில் விற்கிற ஹாட் டாக்கின் விலையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன் என்றேன். சரி, அதையே பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், முதல் கோடையில் குடும்பத்தோடு ஓர் ஆட்டத்துக்குப் போனோம். மேல் மாடத்தில் ஒரு டிக்கெட் 14 டாலர். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், மொத்தம் 56. பரவாயில்லையே, மலிவாக இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்றாவது இன்னிங்ஸில் சின்னவனுக்குப் பசி வந்தது. நாலு ஹாட் டாக், இரண்டு கோக், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பாப்கார்ன். வரியோடு 72 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் பாட்டி சொல்வார். அதன் அர்த்தம் எனக்கு அந்த கவுன்ட்டரில் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது.

ஏன் இப்படி? உள்ளே போனவன் வேறு எங்கே போவான், அதனால்தான் என்று உடனே சொல்லிவிடலாம். பெரும்பாலான மைதானங்களில் வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எதிர்க்கடை கிடையாது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே ஆளிடம் வாசலிலேயே, டிக்கெட்டிலேயே அந்தக் காசை வாங்கிவிடலாமே? 14 டாலருக்கு ஏன் விட வேண்டும்?

இங்கேதான் வியாபாரியின் சாமர்த்தியம் இருக்கிறது. ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் வருடத்துக்கு 81 ஆட்டங்கள். அத்தனை நாளும் இருக்கைகளை நிரப்புவது லேசான காரியம் இல்லை. டிக்கெட்டை ஏற்றினால் மாணவன் வரமாட்டான், ஓய்வூதியக்காரர் வரமாட்டார். இறக்கினால் வருவார்கள், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து எதுவும் வாங்காமல் பார்த்துவிட்டுப் போவார்கள். போகட்டும், காலி நாற்காலிக்கு அது மேல். கையில் காசு உள்ளவன் மூன்று பீர், ஒரு தட்டு நாச்சோ என்று வாங்கி அவர்கள் பங்கையும் சேர்த்துக் கட்டிவிடுகிறான். யாரிடம் காசு இருக்கிறது என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. பீர் கவுன்ட்டருக்குத் தெரியும்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1880-இல் சின்சினாட்டி அணியை, அன்றைய பெரிய பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் வெளியே தள்ளியது. குற்றம் என்ன தெரியுமா? மைதானத்தில் பீர் விற்றதும், ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தை வாடகைக்கு விட்டதும். லீக் தன்னைக் கண்ணியமானவர்களின் பொழுதுபோக்காகக் காட்டிக்கொள்ள விரும்பியது. டிக்கெட் 50 சென்ட். அன்றைய கூலிக்காரருக்கு அது பெரிய காசு. ஒதுக்கப்பட்டவர்களும் புதியவர்களும் சேர்ந்து அமெரிக்கன் அசோசியேஷன் என்று வேறொரு லீக்கைத் தொடங்கி 1882-இல் ஆடினார்கள். டிக்கெட் 25 சென்ட். ஞாயிறு ஆட்டம் உண்டு. பீரும் உண்டு. எதிராளிகள் அதைப் 'பீர், விஸ்கி லீக்' என்று கேலி செய்தார்கள்.

அந்த லீக்கில் செயின்ட் லூயிஸ் அணியை வைத்திருந்தவர் கிறிஸ் வான் டெர் ஆஹே. ஜெர்மனியிலிருந்து வந்தவர், மதுக்கடைக்காரர். அவருக்கு பேஸ்பால் விதிகள் அவ்வளவாகத் தெரியாது என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தன் கடையில் கூட்டம் முட்டுவது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கூட்டம் கடைக்கு வருவதற்குப் பதிலாகக் கடையே கூட்டத்திடம் போகட்டும் என்று அணியை வாங்கிவிட்டார். மலிவு டிக்கெட், உள்ளே தாகம் என்ற கணக்கு அங்கேயே உருவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் செய்ததெல்லாம் விலையை ஏற்றியதுதான், அவ்வளவே.

அப்புறம் ஹாரி ஸ்டீவன்ஸ் வந்தார். இங்கிலாந்திலிருந்து ஒஹாயோவுக்குக் குடியேறியவர். 1887-இல் கொலம்பஸ் மைதானத்தில் ஸ்கோர் அட்டை விற்கத் தொடங்கியவர், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் வரை போய், சாப்பாட்டு உரிமையைக் குத்தகைக்கு எடுக்கும் பெரும் தொழிலையே உருவாக்கிவிட்டார். ஹாட் டாக் என்ற பெயரே அவருடைய கடையில்தான் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் குத்தகை முறை இன்றும் இருக்கிறது. கடை நடத்துவது ஒரு நிறுவனம், விற்பனையில் ஒரு பங்கு அணிக்கு. நம் ஊர்த் திருவிழாக் கடை ஏலம் மாதிரிதான். ஏலத்தில் ஏறிய தொகை முறுக்கு விலையில் இறங்கும்.

பேஸ்பால் சாப்பிடுவதற்கென்றே செய்த ஆட்டம் என்றும் எனக்குத் தோன்றும். ஓர் அணி மட்டை பிடித்து முடிக்கிற ஒவ்வோர் அரை இன்னிங்ஸுக்கும் இடைவெளி. பந்துக்கும் பந்துக்கும் இடையே கொறிக்க நேரம். 1976-இல் டெக்சாஸ் ஆர்லிங்டன் மைதானத்தில் ஃபிராங்க் லிபெர்ட்டோ என்பவர் நாச்சோ விற்க ஆரம்பித்தார். சோளச் சில்லு, மேலே பம்பில் அடித்து ஊற்றுகிற பாலாடைக் குழம்பு, காரமான ஹலபேனியோ மிளகாய். வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு நிமிடம்கூட ஆகாது. உப்பும் காரமும் போன இடத்தில் தாகம் தானே வரும், அதற்கும் பக்கத்திலேயே கவுன்ட்டர் இருக்கும்.

2023-இல், இத்தனை நொடிக்குள் பந்து வீசிவிட வேண்டும் என்று நேரக் கடிகாரம் வைத்தார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் சுருங்கியது. ரசிகர்களுக்குச் சந்தோஷம். அதுவரை வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸோடு பீரை நிறுத்திவிடுவார்கள், குடித்தவர் வண்டி ஓட்டும் முன் கொஞ்சம் தெளியட்டும் என்று. ஆட்டம் சுருங்கியதும் மில்வாக்கி உள்ளிட்ட சில அணிகள் விற்பனையை எட்டாவது இன்னிங்ஸ் வரை நீட்டின. பாதுகாப்புக்காக வைத்த விதி என்றால் ஆட்டம் சீக்கிரம் முடியும்போது விற்பனையும் இன்னும் சீக்கிரம் அல்லவா நிற்க வேண்டும் என்று ஒரு பந்துவீச்சாளரே வெளிப்படையாகக் கேட்டார். நல்ல கேள்வி.

விலையைக் குறைத்தால் என்ன ஆகும்? ரொம்பக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1974 ஜூன் 4 இருக்கிறது. கிளீவ்லண்டில் அன்று டெக்சாஸ் அணியோடு ஆட்டம், பீர் 10 சென்ட். 25,000 பேருக்கு மேல் வந்தார்கள். துணியில்லாமல் ஓடினார்கள், வீரர்கள் மேல் பொருள்களை வீசினார்கள், ஒன்பதாவது இன்னிங்ஸில் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்ட தங்கள் வீரரைக் காப்பாற்ற டெக்சாஸ் வீரர்கள் கையில் மட்டையோடு ஓடினார்கள். ஸ்கோர் 5-5 என்று சமமாக இருந்தும் நடுவர் ஆட்டத்தை டெக்சாஸுக்குக் கொடுத்துவிட்டார். விலைக் குறைப்பைப் பற்றி யார் பேசினாலும் மைதானக்காரர்கள் அந்த இரவைக் காட்டுவார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பத்து சென்டுக்கும் பதினைந்து டாலருக்கும் நடுவில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன.

அதை அட்லாண்டாவில் ஒருவர் செய்து காட்டினார். அது பேஸ்பால் இல்லை, அமெரிக்கக் கால்பந்து. 2017-இல் புது மைதானம் திறந்தபோது அணியின் உரிமையாளர் ஆர்தர் பிளாங்க் ஹாட் டாக்கை 2 டாலருக்கு விற்றார். சோடா 2 டாலர், எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். பீர் 5 டாலர். வரியும் அதற்குள்ளேயே அடக்கம். விலை வைக்கும் அதிகாரத்தைக் கடை நடத்துபவர்களிடம் விடாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். விலை பாதியாகியும் முந்தைய வருடத்தைவிட ஓர் ஆள் செலவழித்த தொகை 16 சதவீதம் கூடியது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இப்போது சீக்கிரமே வந்து அங்கேயே சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பேஸ்பாலில் மயாமி அணி 2019-இல் கொஞ்சம் இறங்கி வந்தது. சில பண்டங்கள் 3 டாலர், சில 5 டாலர். அந்த ஊர்த் தொலைபேசிக் குறியீடு 305 என்பதால் பட்டியலுக்கும் அதையே பெயராக வைத்தார்கள். ஆனால் அந்த வருடம் மொத்த லீக்கிலும் மிகக் குறைந்த கூட்டம் மயாமிக்குத்தான், ஆட்டத்துக்குச் சுமார் 10,000 பேர். ஹாட் டாக் மலிவு என்பதற்காகத் தோற்கிற அணியைப் பார்க்க யாரும் வண்டி ஏறுவதில்லை. ஏற்கெனவே வந்தவரின் கோபம் குறையும், அவ்வளவுதான்.

அந்த 72 டாலர் போனதற்கு அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பெரும்பாலான பேஸ்பால் மைதானங்களில் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். யாங்கி ஸ்டேடியத்தில் உண்டு, டாட்ஜர் ஸ்டேடியத்தில் உண்டு. மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம். மது மட்டும் கூடாது. இது அவர்களின் இணையதளத்திலேயே இருக்கிறது, ஒரு மூலையில். மைதானத்துக்குள் எங்கும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பையில் கட்டினோம். வாசலில் சோதனை செய்த அம்மாள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், வேர்க்கடலையை அடையாளம் கண்டுகொண்டார், சிரித்துவிட்டு உள்ளே விட்டார். நாலாவது இன்னிங்ஸில் பையைத் திறந்ததும் பெருங்காய வாசனையில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கையில் எட்டு டாலர் ஹாட் டாக். ஒரு கரண்டி கொடுத்தோம். காரம் தாங்காமல் எழுந்து பீர் வாங்கப் போய்விட்டார்.