விரல் எங்கே இருக்கிறது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே,

அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களின் நகைச்சுவை பற்றிப் பேசப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "பொட்டு வெடித் துப்பாக்கிக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆள் நீங்கள்" என்றார் என் மனைவி. உண்மைதான். ஆனாலும் டெக்சாஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே சனிக்கிழமை வந்தால் சிலர் மீன் பிடிக்கப் போவார்கள், சிலர் சுடப் போவார்கள். கூட வேலை பார்த்தவர் ஒருநாள் என்னையும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார்.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டு, வாடகைத் துப்பாக்கி ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். எடுத்தேன். எடுத்த வேகத்தில் ஆள்காட்டி விரல் நேரே விசையில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. சினிமா போஸ்டர் பார்த்தே வளர்ந்த விரல். பின்னால் நின்ற பெரியவர் அதட்டவில்லை. "மூக்கு நோண்டும் கொக்கியை டமால் பட்டனிலிருந்து எடுங்கள் சார்" என்றார். அந்த ஊரில் இது பழமொழி மாதிரி. நான் தமிழாக்கிச் சொல்கிறேன். பக்கத்துத் தடுப்பில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்கப்புறம், கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே பாட்டிலைப் பிடித்தாலும் என் விரல் வெளியேதான் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இவர்களுடைய சிரிப்பில் பாதி இந்த விரலைப் பற்றியதுதான். ஜெஃப் கூப்பர் என்று ஒருவர், கடற்படைக் காலாட்படையில் இருந்தவர், 1976-ல் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் நான்கு விதிகள் வழங்குகின்றன. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். யூடியூபில் ஒரு படத்தையோ வீடியோ கேமையோ ஓட்டி, மூலையில் தன் முகத்தை வைத்து, நிறுத்தி நிறுத்திக் கேலி செய்கிறார்களே, அந்த ரியாக்‌ஷன் வீடியோக்களை நாலு பார்த்தால் போதும், இந்த நாலு விதியும் மனப்பாடம் ஆகிவிடும். கதாநாயகன் அழுதுகொண்டே வசனம் பேசுவான். வீடியோக்காரர் படத்தை நிறுத்தி, "விரல் எங்கே இருக்கிறது பாருங்கள்" என்பார். வில்லன் மிரட்டுவதற்காக ஷாட்கன்னை மூன்று தடவை சர்க் சர்க்கென்று இழுப்பான். முதல் தடவையிலேயே தோட்டா உள்ளே போயிருந்தால், அடுத்த இரண்டு தடவையும் சுடாத தோட்டா ஒவ்வொன்றாகத் தரையில் விழ வேண்டும். விழாது. அங்கே ஒரு சிரிப்பு. பின்னுக்கு இழுத்தால் 'க்ளிக்' என்கிற சுத்தியலே வெளியே இல்லாத கிளாக் துப்பாக்கியை நெற்றியில் வைத்தாலும் படத்தில் 'க்ளிக்' என்று சத்தம் வரும். நம் படங்களிலும் வரும், அதைச் சொல்லி யாரையும் புண்படுத்த வேண்டாம்.

இந்தக் கலையில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்கரே அல்ல. ஜொனாதன் ஃபெர்கூசன், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் காப்பாளர். வீடியோ கேம்களில் வரும் துப்பாக்கிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் தொடர் அவருடையது. வலது பக்கம் தெறிக்க வேண்டிய, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு இடது பக்கம் ஆட்டக்காரரின் மூக்கை உரசிக்கொண்டு பறந்தால், கண்ணாடிக் கடையில் கால் வைக்கிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாக அதைக் கண்டிப்பார். ஒவ்வொரு பகுதியும் அவருடைய நீளமான பதவிப் பெயரில்தான் தொடங்கும். ரசிகர்களுக்கு அதுவே ஜோக். சுப்ரபாதம் மாதிரி கூடவே சொல்வார்கள். நம் மேடைகளில் பட்டங்களை அடுக்கும்போது யாரும் சிரிப்பதில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். கைத்துப்பாக்கியை 1997-லேயே ஏறக்குறைய முழுதாகத் தடை செய்த ஊர்க்காரர் அவர். அவரைத்தான் தோட்டா எண்ணி வாங்கும் அமெரிக்கர்கள் ஆசானாகக் கொண்டாடுகிறார்கள்.

இன்னொரு பழைய வீடியோ. 2004-ல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிறார். இந்த அறையில் இதைக் கையாளத் தகுதி உள்ள ஒரே ஆள் நான்தான் என்கிறார். அடுத்த சில நொடிகளில் தன் காலிலேயே சுட்டுக்கொள்கிறார். வலியோடு பேச்சையும் தொடர்கிறார். அடுத்த துப்பாக்கி வந்ததும் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். இருபது வருடமாக அதைப் பார்த்து உலகம் சிரிக்கிறது, நானும் சிரித்தேன். வீடியோவை வெளியே விட்டது தன் துறைதான் என்று அவர் வழக்குப் போட்டார். 2012-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அதைப் படித்த பிறகு என் சிரிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அவர் கடைசியாக மீறியது அதே விரல் விதியைத்தான்.

சரி, விரலை விட்டு அரசாங்கத்துக்கு வருவோம். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் நான்கையும் கவனிக்கும் மத்தியத் துறை ஒன்று அங்கே உண்டு, ஏடிஎஃப் என்பார்கள். "இது கடைக்கு வைக்க வேண்டிய பெயர், துறைக்கு வைத்துவிட்டார்கள்" என்று டி-ஷர்ட்டே இருக்கிறது. அரசே மதுக்கடை நடத்தும் ஊரில் இந்த ஜோக்கை விளக்குவது கஷ்டம். "உன் துப்பாக்கிகள் எங்கே?" என்று அரசாங்க ஆள் கேட்டால், "ஏரியில் படகு கவிழ்ந்துவிட்டது, எல்லாம் முழுகிவிட்டது" என்பது இன்னொன்று. யாரிடம் எது இருக்கிறது என்று மத்திய அரசு ஒரே பதிவேடு வைக்கக் கூடாது என 1986-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்தப் படகு மிதக்கிறது.

மூன்றாவது ஜோக்தான் எனக்குத் தொண்டையில் இறங்காதது. ஏடிஎஃப்காரன் வீட்டுக்கு வந்தால் முதலில் நாயைச் சுடுவான் என்பார்கள். ஆயிரம் மீம்கள். இதற்குப் பின்னால் நிற்பவற்றில் ஒன்று ஐடஹோ மாநிலத்து ரூபி ரிட்ஜ் சம்பவம். குழல் குட்டையாக அறுக்கப்பட்ட இரண்டு ஷாட்கன்களை ஏடிஎஃப் ஆளிடம் விற்றதாக ராண்டி வீவர் என்பவர்மேல் வழக்கு. 1992 ஆகஸ்டில் அவர் வீட்டுப் பக்கம் போனவர்கள் மார்ஷல்கள், அதாவது மத்திய நீதிமன்றக் காவலர்கள். நாயைச் சுட்டதும் அவர்கள்தான், ஏடிஎஃப் அல்ல. அதைத் தொடர்ந்த சண்டையில் வீவரின் 14 வயது மகன் செத்தான், ஒரு மார்ஷல் செத்தார், மறுநாள் எஃப்பிஐ துப்பாக்கி வீரர் சுட்டதில் பையனின் அம்மா செத்தார். ஜோக்கில் நாய் மட்டும் நிற்கிறது. பையன் எங்கே போனான்? இதைக் கேட்டால் "ஜோக்கைப் போய் ஆராய்கிறீர்களே" என்பார்கள். இந்த வகைச் சிரிப்பு ஓட்டாகவும் மாறும். மீம் விமர்சனத்துக்குப் பேர்போன யூடியூப்காரர் பிராண்டன் ஹெர்ரேரா 2024-ல் டெக்சாஸில் பதவியில் இருந்த எம்.பி.யை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்று, சில நூறு ஓட்டில்தான் தோற்றார்.

இதற்கு நேர் எதிராக, விதி தெரியாமல் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2017-ல் மினசோட்டாவில், யூடியூபில் பிரபலமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓர் இளம் ஜோடி. தடிமனான புத்தகம் தோட்டாவைத் தடுத்துவிடும் என்று நெஞ்சுக்கு முன்னால் அவன் பிடித்துக்கொண்டான், அவள் சுட்டாள். தடுக்கவில்லை.

கடைசியாக, கென்டக்கி பாலிஸ்டிக்ஸ் என்ற சேனல்காரர். பெரிய பெரிய துப்பாக்கியால் தர்பூசணியைச் சுட்டுச் சிரிக்க வைப்பவர். 2021 ஏப்ரலில் அரை அங்குலத் தடிமன் தோட்டா போடும் ரைஃபிள் ஒன்று அவர் முகத்துக்கு நேரே வெடித்தது. அதன் பின்மூடி பாட்டில் மூடி மாதிரி திருகுவது. மரைகள் பிய்ந்து பறந்து வந்தது. துண்டு ஒன்று கழுத்து ரத்தக் குழாயை அறுத்தது. அவர் தன் கட்டைவிரலைக் காயத்துக்குள் விட்டு அடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அப்பா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு விரட்டினார். பிழைத்துவிட்டார். சில வாரங்களில் முகமெல்லாம் காயத்தோடு உட்கார்ந்து, தன் விபத்தைத் தானே ஓட்டிக் காட்டி விளக்கினார். "கட்டைவிரலை விட்டு அடை" என்பது அப்புறம் டி-ஷர்ட் வாசகமே ஆகிவிட்டது.

இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும்போது அந்த வீடியோவை என் மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். டி-ஷர்ட் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அப்பா எப்படி வண்டி ஓட்டியிருப்பார்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நன்றி, வணக்கம்.