அம்மாவோட கார்டை எங்க சொருகுறது?

நடுவர் ஐயாவுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். "கைக்கு அடக்கமான டேப்லெட், ஐபேட் மினியா ஆண்ட்ராய்டா"ங்கறது தலைப்பு. நான் ஆண்ட்ராய்டு பக்கம் பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் முதல்ல ஆயுசைப் பத்திப் பேசினார். 2013ல வந்த ஐபேட் மினி 2க்கு 2023 ஜனவரில கூட பாதுகாப்பு அப்டேட் வந்துச்சு, ஆனா 2012ல வந்த கூகுளோட ஆண்ட்ராய்டு டேப்லெட் நெக்சஸ் 7 மூணே வருஷத்துல ஆண்ட்ராய்டு 5.1.1ஓட நின்னுபோச்சு, அதுவும் லாலிபாப்ங்கற அந்த 5ஆம் பதிப்பை ஏத்தினப்புறம் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சுன்னார். உண்மைதான், ஒத்துக்கறேன். அந்த விஷயத்துல ஆப்பிள் பண்ணது பெரிய வேலை.

ஆனா ஐயா, ஒரு வீட்ல எது நீடிக்கணும், பெட்டியா, உள்ள இருக்கறதா? எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன்.

எங்கப்பா ஊர்க் கோயில்ல பதிகம் பாடுவார். அவர் போனப்புறம் ஒரு டிரங்குப் பெட்டில நாப்பது கேசட் கிடந்துச்சு, என் தம்பி உக்காந்து ஒவ்வொண்ணா ஓடவிட்டு எம்பி3யா மாத்தி ஒரு 32 ஜிபி மெமரி கார்டுல போட்டு, அம்மாவோட 7 இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட்ல சொருகிக் குடுத்தான். அம்மாவுக்கு நெட் வேணாம், அக்கவுன்ட் வேணாம், காலைல விளக்கேத்திட்டு அப்பா குரலைக் கேக்கணும் அவ்ளோதான். மூணு வருஷம் கழிச்சு டேப்லெட் ஊஞ்சல்லேர்ந்து விழுந்து கண்ணாடி நொறுங்கி ஆன் ஆகவே இல்ல, நாங்க எல்லாம் பதறிட்டோம். அம்மா ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் புது டேப்லெட் வந்துச்சு, கார்டு வைக்கற ட்ரேயைத் திறக்க டப்பால குடுத்த குட்டி ஊசி எங்கயோ போயிடுச்சு, அம்மா வளையல்ல கோத்து வச்சிருந்த ஊக்கைக் கழட்டி அந்தப் பொட்டு ஓட்டைல அழுத்தினாங்க, ட்ரே வெளிய வந்துச்சு, நகத்தளவு கார்டை அதுல வச்சுத் தள்ளினாங்க, ரெண்டு நிமிஷத்துல அப்பா பாட ஆரம்பிச்சுட்டார்.

ஐபேட் மினில கார்டு சொருக இடமே கிடையாதுங்க, 2012 முதல் மாடல்லேர்ந்து 2024 மாடல் வரைக்கும் கிடையாது. அடாப்டர் போட்டுப் படிக்கலாம்னு அடுத்து வர்றவர் சொல்வார். படிக்கலாம், 2019ல ஐபேடோட மென்பொருள் ஐபேட்ஓஎஸ் 13 வந்தப்புறம் பென்டிரைவ் கார்டு எல்லாம் அது படிக்குது, ஆனா பக்கவாட்டுல ஒரு வயரைத் தொங்கவிட்டுக்கிட்டு எழுபது வயசு அம்மா பாட்டு கேக்கணுமா? ஹெட்ஃபோன் குத்துற ஓட்டையும் 2021 மாடல்லேர்ந்து போயிடுச்சு. சாம்சங்கோட ஆண்ட்ராய்டு டேப்லெட் டேப் ஏ9ல அந்த ஓட்டையும் இருக்கு, 1 டிபி வரைக்கும் கார்டும் ஏறும்.

அடுத்து ஸ்கிரீன். மினில ஒரு இன்ச்சுக்கு 326 பிக்சல், அதாவது புள்ளி, டேப் ஏ9 8.7 இன்ச்ல 1340க்கு 800 பிக்சல்தான், கணக்குப் போட்டா இன்ச்சுக்கு 180 பக்கம் வரும், சின்ன எழுத்துப் பிடிஎஃப்ல புள்ளி தெளிவா விழாது. வெறும் வாசிப்புக்குன்னா மினி நல்ல ஸ்கிரீன், மறைக்க மாட்டேன். ஆனா கூர்மையான ஸ்கிரீனே ஆப்பிள் குடுத்த வரம்ங்கற மாதிரி எதிரணித் தலைவர் பேசினதை ஏத்துக்க முடியல. 2012 மினில வெறும் 163, அதே வருஷம் நெக்சஸ் 7ல 216. 2013 ஜூலைல ரெண்டாவது நெக்சஸ் 7 323 பிக்சலோட 229 டாலருக்கு வந்துச்சு, ரெட்டினாங்கற கூர்மையான ஸ்கிரீன் வச்ச மினி வந்தது அதுக்கப்புறம் நவம்பர்ல, 399 டாலருக்கு. பின்னாடி 2024ல வந்த ஆண்ட்ராய்டு டேப்லெட் லெனோவோ லீஜன் டேப்லயும் 8.8 இன்ச்ல 2560க்கு 1600 இருந்துச்சு.

சின்ன டேப்லெட்டுங்கற பொருளையே ஆப்பிள் முதல்ல நம்பலையேங்க. 2010ல சாம்சங் 7 இன்ச் கேலக்ஸி டேப் கொண்டு வந்தப்ப, ஆப்பிள் தலைவரா இருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அக்டோபர்ல முதலீட்டாளர்கள்கிட்ட பேசறப்போ, இந்த சைஸ் தேறாது, விரலைத் தேய்ச்சுச் சின்னதாக்க உப்புத்தாளும் சேத்துக் குடுக்கணும்னு சொன்னார். ரெண்டே வருஷத்துல மினி வந்துச்சு.

தமிழ்ல டைப் பண்றதையும் சொல்லணும், எனக்கு இது ரொம்ப முக்கியம். ஐபேட்ல தமிழ் கீபோர்டு வந்தது 2013ல, அப்போ அதுல ஓடின ஐஓஎஸ்ங்கற மென்பொருளோட 7ஆம் பதிப்புல, வெளியாள் செய்ற கீபோர்டைப் போட்டுக்கலாம்னு கதவைத் திறந்தது 2014ல ஐஓஎஸ் 8ல. ஆண்ட்ராய்டுல அந்தக் கதவு அதுக்கு முன்னாடியே திறந்துதான் இருந்துச்சு, செல்லினம் மாதிரி ஒரு தமிழ் கீபோர்டு ஆப்பை இறக்கினோம், அடிச்சோம். நம்ம எழுத்துக்காக யாரோட அனுமதிக்கும் காத்துக்கிட்டு இருக்கல.

அப்புறம் காசு. மினி 2024ல நம்ம ஊர்ல 49,900 ரூபாய்லேர்ந்து ஆரம்பிச்சுது, டேப் ஏ9 13 ஆயிரத்தை ஒட்டி. அந்த விலைக்கு மினி ஒண்ணு வாங்கற காசுல டேப் ஏ9 மூணு வாங்கி மிச்சமும் இருந்துச்சு, விழுந்து உடைஞ்சாலும் வீடு தாங்கும். சரி வேணாம், ஒண்ணே வாங்குவோம், வீட்ல நாலு பேரும் அதையே எடுப்பாங்க இல்லையா? 2012லயே ஆண்ட்ராய்டு 4.2 டேப்லெட்ல ஆளுக்கொரு அக்கவுன்ட் வச்சுக்கற வசதியைக் குடுத்துடுச்சு, பையன் கேம் தனி, அக்கா மெயில் தனி, அம்மா பாட்டு தனி. ஐபேட்ல இந்தப் பகிர்வு பள்ளிக்கூடம், ஆபீஸ்னு நிர்வாகம் பண்ற இடத்துக்குத்தான், சாதாரண வீட்டுக்கு இன்னும் இல்ல. ஆளுக்கு ஒண்ணு வாங்கற வீட்டுக்கு அது சரி. நம்ம வீடுங்க பாதி அப்படி இல்லியே ஐயா.

மணி அடிச்சுட்டாங்க. எனக்கப்புறம் பேச வர்ற எதிரணி நண்பர் ப்ராசஸர், பென்சில் எல்லாம் தாராளமா சொல்லட்டும், கூடவே இந்த ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டு உக்காரட்டும்: நாளைக்கு எங்கம்மா கைல மினியைக் குடுத்தா, ஊக்கு அவங்க வளையல்லயே இருக்கும், கார்டு உள்ளங்கைல இருக்கும், அவங்க அதை எங்க சொருகுவாங்க?

வணக்கம்.